ஆலைப்புறத்து வனம்

வண்ணாரப்பேட்டை என்னும் குடியிருப்பு உண்டானதற்கே நல்ல நீரும் திறந்த வெளியும்தான் காரணம் என்பதை, இன்று அவ்வூரின் சந்துகளில் மோட்டார் வண்டிகளுக்கும் துணிக்கடைக் கூட்டத்துக்கும் நடுவே வழி தேடிச் செல்பவர் எளிதில் நம்பமாட்டார். கிழக்கிந்தியக் கம்பெனியார் சென்னப்பட்டினத்திலிருந்து சீமைக்குக் கப்பலேற்றிய துணிகளை வெளுக்கவும் வெயிலில் விரித்து உலர்த்தவும் கோட்டைக்கு வடக்கே இடம் தேடியபோது, அத்தொழிலுக்கு இன்றியமையாத தண்ணீரும் மைதானமும் அங்கே கிடைத்தன. வெளுப்போரும் நெய்வோரும் குடியேறினர். ஊரும் அவர்கள் பெயரையே தாங்கிற்று. 1806இல் பேசில் காக்ரேன் என்பவர் சென்னையிலிருந்து எண்ணூர் வரை வெட்டுவித்ததும் பின்னாளில் பக்கிங்காம் கால்வாய் என்று பெயர் பெற்றதுமான நீர்வழியில் அக்காலத்தில் படகுகள் சென்றன. அப்பால் 1856இல் இராயபுரத்தில் தென்னிந்தியாவின் முதல் ரயில் நிலையம் எழுந்தது, துறைமுகம் வளர்ந்தது, 1969இல் மணலியில் எண்ணெய் சுத்திகரிப்பு ஆலையும், 1970இல் எண்ணூரில் அனல்மின் நிலையமும் வந்தன. 2009இல் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் நாடெங்கிலும் மிக மோசமாக மாசடைந்தவை என்று குறித்த 43 தொழிற்பகுதிகளுள் மணலியும் இடம்பெற்றது.

இத்தகைய பிரதேசத்தில் வாழ்பவரிடம் வனத்தின் சுகத்தைப் பற்றிப் பேசுவது பொருந்துமா என்று கேட்கலாம். வனம் என்றாலே கொடைக்கானலும் டாப்சிலிப்பும் நினைவுக்கு வருவதும், அங்கே போய்வருவதற்கு வேண்டிய பொருளும் விடுமுறையும் தனக்கில்லை என்று ஒரு ஆலைத் தொழிலாளியோ மூட்டை தூக்குபவரோ அந்நினைவை அப்படியே விட்டுவிடுவதும் இயல்பாகிவிட்டன. ஆயினும் இவ்விஷயத்தில் என் அபிப்பிராயம் வேறு. வனத்தில் சென்று உடலும் உள்ளமும் இளைப்பாறும் இந்தப் பழக்கம், நம் காலத்தில் ஒரு முறையாக வகுக்கப்பட்டது தொழில்நகர மக்களை முன்னிட்டே. ஆதலின் அதில் முதல் உரிமை உடையவர்கள் வண்ணாரப்பேட்டை, தண்டையார்பேட்டை, திருவொற்றியூர் வாசிகளே. அவர்களுக்கு உரிய வனமும் அவர்கள் வாசலிலேயே, கொசஸ்தலையாறு கடலில் கலக்கும் எண்ணூர்க் கழிமுகத்தில், புண்பட்ட நிலையிலேனும் இன்றும் உயிரோடு இருக்கிறது.

வனஸ்நானம் என்று நாம் அழைக்கத்தக்க இப்பழக்கத்திற்கு 1982ஆம் ஆண்டில் பெயர் சூட்டியவர் ஜப்பானிய வனத்துறையின் தலைவராயிருந்த தொமொஹிதே அகியாமா. பெருநகரங்களில் அளவுக்கு மீறி உழைத்துக் களைத்த மக்களை மரங்களிடம் அனுப்பினால் அவர்களுடைய ஆரோக்கியமும் காக்கப்படும், மரங்களிடத்தில் அவர்களுக்குப் பற்றும் உண்டாகும் என்பது அவருடைய எண்ணம். நகானோ மாகாணத்தில், முந்நூறு ஆண்டு கடந்த ஹினோகி மரங்கள் ஓங்கி நிற்கும் அகசாவா வனத்தில் அது தொடங்கிற்று. இதில் நீராடலும் இல்லை, தேகப்பயிற்சியும் இல்லை, சிகரத்தை எட்டவேண்டும் என்ற இலக்கும் இல்லை. மெல்ல நடப்பதும், நின்று பார்ப்பதும், முகர்வதும், தொடுவதும், செவிகொடுத்துக் கேட்பதும், பிறகு ஓரிடத்தில் சும்மா அமர்ந்திருப்பதுமே இதன் கிரியைகள்.

விஞ்ஞானம் இதைப் பரிசோதிக்கப் புகுந்தது பின்னரே. 2005இல் சிங் லி என்னும் வைத்தியர், தோக்கியோவில் அலுவல் பார்க்கும் 12 ஆடவரை மூன்று நாள் ஈயாமா என்னும் வனப்பகுதிக்கு அழைத்துச் சென்று, முன்னும் பின்னும் அவர்களுடைய இரத்தத்தைச் சோதித்தபோது, நோய்க்கிருமி புகுந்த அணுக்களை அழிக்கும் ஒருவகை வெள்ளணுக்களின் ஆற்றல் 11 பேருக்கு உயர்ந்திருக்கக் கண்டார். நகரச் சுற்றுலாவுக்கு அழைத்துச் சென்றபோது அத்தகைய உயர்வு காணப்படவில்லை. மரங்கள் தம்மைப் பூச்சியினின்றும் பூஞ்சையினின்றும் காத்துக்கொள்ள வெளிவிடும் ஆவிப்பொருள்களே இதற்குக் காரணமாகலாம் என்று அவர் கருதினார். அப்பொருள்களைப் பற்றி ரஷ்ய நாட்டுப் போரிஸ் தோக்கின் அதற்கு வெகுகாலம் முன்னரே ஆராய்ந்து அவற்றுக்கு ஒரு பெயரும் இட்டிருந்தார். 2010இல் வெளியான மற்றோர் ஆய்வில், 24 வனங்களில் 280 இளைஞர்களைக் கொண்டு அளந்தபோது, மனக்கலக்கத்தின்போது சுரக்கும் கார்ட்டிசால் வனத்தில் குறைந்தும், நாடி நிதானப்பட்டும், இரத்த அழுத்தம் சிறிது தணிந்தும் இருந்தன. அமெரிக்காவில் ரோஜர் உல்ரிச் 1984இல் வெளியிட்ட ஆராய்ச்சி இதைவிட எளியது. எனக்கு இதைவிட உருக்கமானதாகவும் தோன்றுவது. பித்தப்பை அறுவைச் சிகிச்சைக்குப்பின் படுத்திருந்த நோயாளிகளுள், ஜன்னல் வழியே மரங்களைக் காண நேர்ந்தவர்கள், செங்கற்சுவரைக் கண்டு கிடந்தவர்களைக் காட்டிலும் விரைவில் வீடு திரும்பினர். வலி தீர்க்கும் கடுமருந்தும் அவர்களுக்குக் குறைவாகவே தேவைப்பட்டது.

இவற்றை ஏற்றுக்கொள்ளும்போதே இவற்றின் எல்லையையும் உணர வேண்டும். பன்னிரண்டு பேரைக் கொண்ட சோதனை சிறியது. வனத்துக்குச் சென்றவர் அலுவலகத்தையும் விட்டல்லவா சென்றார். நடந்தார், நன்றாக உறங்கினார். பயனில் எந்தப் பங்கு மரத்துக்கு உரியது, எந்தப் பங்கு ஓய்வுக்கு உரியது என்று பிரிப்பது எளிதன்று. குளிர்ந்த மலைநாட்டு ஊசியிலை மரங்களைப் பற்றிச் சொன்னதை உப்புக்காற்று வீசும் சோழமண்டலக் கரையின் மரங்களுக்கு அப்படியே ஏற்றிச் சொல்லவும் முடியாது. இது நோயைப் போக்கும் என்று வாக்களிப்பவரிடம் எனக்கு நம்பிக்கை இல்லை. இழைப்பு உள்ளவர் வைத்தியரிடமே செல்ல வேண்டும். மனம் அமைதியுறுகிறது, உடல் இறுக்கம் தளர்கிறது என்ற அளவுக்கு ஆதாரம் போதுமானது. அந்த அளவே பெரிது. 2019இல் இங்கிலாந்தில் ஏறக்குறைய 20,000 பேரின் வாக்குமூலங்களை ஆராய்ந்தவர்கள், வாரத்தில் 120 நிமிடமேனும் இயற்கையின் நடுவே கழித்தவர்களே தாங்கள் நலமாயிருப்பதாக மிகுதியும் கூறினார்கள் என்றும், அந்நேரத்தை ஒரே தடவையில் கழித்தாலும் பல தடவையாகப் பகுத்துக் கழித்தாலும் பேதமில்லை என்றும் கண்டனர். தொலைவிலுள்ள மலைக்கு வருஷத்துக்கொரு முறை போவதைவிட, அருகிலுள்ள கழிக்கு வாரந்தோறும் போவது மேல் என்ற என் எண்ணத்திற்கு இது துணையாகிறது.

ஓய்வைப் பற்றிய பேச்சு வரும்போது, வடசென்னையில் அதற்கு ஒரு சரித்திரம் உண்டு என்பதை மறத்தலாகாது. 1918 ஏப்ரலில், பெரம்பூர்ப் பக்கத்து நெசவாலைத் தொழிலாளருக்காகச் சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தபோது, நண்பகல் உணவுக்கு ஆலையில் அளித்த இடைவேளை போதவில்லை என்பது அவர்கள் எடுத்துரைத்த முதற்குறைகளுள் ஒன்று. அச்சங்கத்தை நிறுவியவர்களுள் பி. பி. வாடியா, ஆலமரமும் தோப்புமாக விரிந்த அடையாறு பிரம்மஞான சபையிலிருந்து வந்தவர். அவரோடு சேர்ந்து உழைத்த திரு. வி. கலியாணசுந்தரனார், இயற்கையின் அழகையே முருகனாகக் கண்டு ‘முருகன் அல்லது அழகு’ என்னும் நூலை இயற்றியவர். தொழிலாளியின் உணவு வேளைக்காக வாதாடிய நாவும், காட்டின் சௌந்தரியத்தைப் போற்றிய எழுதுகோலும் ஒருவருக்கே உரியனவாயிருந்தன என்பது எனக்கு மிகவும் பொருள் பொதிந்த செய்தி. உழைப்பவனுக்குச் சோறும் கூலியும் வேண்டியதுபோல அழகும் வேண்டும் என்ற கொள்கை நமக்கு ஜப்பானிலிருந்து வரவேண்டிய அவசியமே இல்லை.

வழியும் நமக்குப் பழையதே. ஏழுகிணறுப் பகுதியில் வாழ்ந்த இளமையில் இராமலிங்க அடிகள் வழிபாட்டிற்காகத் திருவொற்றியூருக்கு நடந்து சென்ற வடதிசைப் பாதை நம் பேட்டைகளை ஒட்டியதே. அவ்வூர்க் கடற்கரையில்தான் பட்டினத்தார் சமாதி இருக்கிறது. தியாகராசர் கோயிலின் தலவிருட்சம் மகிழமரம். சுந்தரர் சங்கிலியாருக்குச் சத்தியம் செய்து கொடுத்ததும் அம்மரத்தடியில்தான் என்பது புராணம். இன்றும் மகிழடி சேவை என்று அதற்கொரு விழா நடைபெறுகிறது. பக்தியின் கண்ணோடு மட்டுமே பார்த்துப் பழகிய அம்மரத்தைத் தாவர சாஸ்திரத்தின் கண்ணோடும் பார்த்தால், சோழமண்டலக் கரையோரத்தில் ஒருகாலத்தில் பரந்திருந்த, உயரம் குறைந்து இலை தடித்து வறட்சியிலும் பசுமை மாறாத கரையோரக் காட்டின் மரங்களுள் மகிழமும் ஒன்று என்பது புலனாகும். உலக்கைப்பாலையும் வீரையும் காட்டெலுமிச்சையும் கூடிய அக்காட்டின் எச்சங்கள் கிண்டியிலும் ஸ்ரீஹரிகோட்டாவிலும் இருக்கின்றன. ஆரம்ப சாதகர் ஒருவர், கழிமுகத்துக்குப் போகுமுன், இக்கோயில் மரத்தின்முன் கால்மணி நேரம் நின்று, அதன் பட்டையின் வெடிப்பையும், இலை விளிம்பின் அலையையும், உதிர்ந்த பூவின் நட்சத்திர வடிவையும், வாடிய பின்னும் அது விடாத மணத்தையும் கவனிக்கக் கற்றுக்கொண்டால், அவருடைய கண் பாதி திறந்துவிட்டது என்பேன். வண்ணாரப்பேட்டையை விட்டே வெளியேற இயலாதவருக்கு, 1949இல் திராவிட முன்னேற்றக் கழகத்தின் முதற் பொதுக்கூட்டம் கூடியதும் இன்று அறிஞர் அண்ணா பூங்கா என வழங்குவதுமான பழைய ராபின்சன் பூங்காவிலேனும் ஒரு மரம் உண்டு.

இனி எண்ணூர். கொருக்குப்பேட்டையில் கும்மிடிப்பூண்டி மின்தொடர் வண்டியில் ஏறினால், தண்டையார்பேட்டை, திருவொற்றியூர், விம்கோ நகர், கத்திவாக்கம் ஆகியவை கழிந்து எண்ணூர் வரும்; அதைத் தாண்டியதும் வண்டி ஆற்றைக் கடக்கும்போது, புகைபோக்கிகளுக்கும் மின்கம்பிக் கோபுரங்களுக்கும் அடியில், நீரின் விளிம்பையொட்டிச் சாம்பல் கலந்த பச்சையாகத் தாழ்ந்து படர்ந்திருப்பது கண்டற்காடு. இங்கே பெரும்பான்மை வெண்கண்டலே. அதைப் புதர் என்று எண்ணி ஆயிரக்கணக்கானோர் தினந்தோறும் கடந்து செல்கின்றனர்.

கரையில் குந்தி ஒரே ஒரு கண்டல் இலையைக் கிட்டத்தில் பார்க்க வேண்டும். மேற்புறம் வழவழப்பான பச்சை. திருப்பினால் அடிப்புறம் வெளுத்த சாம்பல் நிறம். வெயில் ஏறியபின் இலையின்மேல் பொடிப்பொடியாக ஏதோ மின்னும். விரலால் துடைத்து நாவில் வைத்தால் அது உப்பு. வேர்கள் உறிஞ்சும் உவர்நீரில் எவ்வளவு உப்பை வடிகட்ட இயலுமோ அவ்வளவையும் வடிகட்டிவிட்டு, அதையும் மீறி உள்ளே புகுந்ததை இலையிலுள்ள நுண்ணிய சுரப்பிகளின் வழியே இம்மரம் வெளியேற்றிவிடுகிறது. காலடியில் சேற்றைக் கிழித்துக்கொண்டு விரல் விரலாக மேல்நோக்கி நிற்பவை அதன் மூச்சு வேர்கள். பிராணவாயு அறவே இல்லாத கருஞ்சேற்றில் புதைந்த வேர்களுக்கு, நீர் வற்றிய வேளையில், இவற்றின் மேலுள்ள நுண்துளைகள் வழியாகவே காற்று இறங்குகிறது. வாதுமை வடிவிலான அதன் காயைப் பிளந்தால் உள்ளே முளை மடங்கிக் கிடக்கும். தாய்மரத்திலேயே முளைத்து, பின் நீரில் விழுந்து மிதந்து, சேறு தட்டுப்பட்ட இடத்தில் வேரூன்றும் சிருஷ்டி அது.

இவ்விடத்தில் புதியவர் பெரும்பாலும் செய்யும் தவறு, பத்து நிமிடம் பார்த்துவிட்டு ஒன்றுமில்லை என்று எழுந்துவிடுவதே. மனிதன் வந்ததும் கழிக்கரை ஒடுங்கிவிடும். அசையாமல் அமர்ந்திருந்தால், முதலில் ஒரு கொடுக்கு மட்டும் உடலளவு பெருத்த சிறு நண்டுகள் வளைகளினின்று எட்டிப்பார்த்து, அக்கொடுக்கை உயர்த்தி உயர்த்தி ஒன்றையொன்று அழைக்கும். பின்பு சேற்றின்மேலேயே துடுப்பால் ஊன்றித் துள்ளும் மீன்கள் வெளிப்படும். உள்ளான்கள் நீர்விளிம்பில் ஓடியோடிக் கொத்தும். மீன்கொத்தி ஒன்று மூங்கிற்கழியில் வந்து அமரும். ஆலையின் இரைச்சல் இவ்வளவு நேரமும் ஓயாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். அகசாவாவின் நிசப்தம் எண்ணூரில் கிடைக்காது. ஆனால் அவ்விரைச்சலுக்கு இடையே சேற்றில் குமிழி உடையும் ஒலியைச் செவி பிரித்தறியத் தொடங்கும்போது மனம் ஒருமுகப்படுகிறது. அவ்வொருமைப்பாட்டுக்குப் பூரண அமைதி அவசியமில்லை என்பது என் அனுபவம்.

மார்கழி முதல் மாசி வரை ஏற்ற காலம். வெயில் தாழ்வாயிருக்கும், வடபுலத்துப் பறவைகளும் வந்திருக்கும். விடியற்காலையில், நீர் வற்றும் வேளையறிந்து செல்ல வேண்டும். சேற்றில் இறங்கலாகாது: ஆழம் தெரியாது, மூச்சு வேர்கள் மிதிபடும், மாசு கலந்த மண் தோலுக்கும் ஆகாது. தனியே போகாமல், காட்டுக்குப்பம், முகத்துவாரக்குப்பம், தாழங்குப்பம் போன்ற மீனவர் ஊர்களில் ஒருவரை, ‘அண்ணே, வற்றம் எப்போ, எங்கே உட்காரலாம்?’ என்று கேட்டு, அவர் காட்டும் இடத்தில் அமர்வதே முறை. அது அவர்களுடைய வீட்டு முற்றம். எந்த ஊரார் எந்நாளில் எவ்விடத்தில் வலைகட்டலாம் என்று முறைவைத்துப் பகிர்ந்துகொள்ளும் பாடு என்னும் ஏற்பாடு இக்கழிகளில் தலைமுறைகளாக நிலவுகிறது. இருளர் குலப் பெண்கள், பனையோலைப் பறியைப் பல்லால் கவ்விக்கொண்டு, இடுப்பளவு நீரில் மண்டியிட்டு நகர்ந்து, விரல்களால் துழாவியே இறாலைப் பிடிப்பதைக் காணும் பாக்கியம் வாய்த்தால், ஐந்து புலன்களுள் ஸ்பரிசம் ஒன்றைக்கொண்டே ஒரு நீர்நிலையை முழுவதும் அறிந்தவர்கள் இவர்கள் என்பது விளங்கும். நாம் பழகப்போவது அவர்களுக்கு ஜீவனமாயிருக்கும் வித்தை. ஆதலால் படம் எடுப்பதற்குமுன் அனுமதி கேட்க வேண்டும்.

இவ்வனத்தின் துயரத்தை மறைத்து இதன் அழகை மட்டும் பேசினால் அது பொய்யாகிவிடும். அனல்மின் நிலையங்களின் சாம்பல் பல்லாண்டுகளாகக் கழியில் படிந்து, ஆழமிருந்த இடங்களைத் திட்டாக்கியிருக்கிறது. 2017 ஜனவரியில் எண்ணூருக்கு அப்பால் இரு கப்பல்கள் மோதிக் கடலில் எண்ணெய் பரவிற்று. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு கழிமுகத்தில் எண்ணெய் பரவியபோது, கண்டல்களின் அடிமரமும் மூச்சு வேர்களும் கருமையாகப் பூசப்பட்டன. கூழைக்கடாக்கள் இறகு நனைந்து பறக்கமாட்டாமல் தவித்தன. மீனவர்கள் தம் கைகளாலேயே எண்ணெயை அள்ளிச் சேர்த்தனர். மூச்சு வேரின் நுண்துளைகளை எண்ணெய் அடைத்துவிட்டால் மரத்துக்கு உண்டாவது மூச்சுத்திணறல்தான். அதன் விளைவு உடனே தெரியாமல், மாதங்கள் சென்று இலையுதிர்விலும் பட்டுப்போதலிலும் தெரியும். வனத்தில் இளைப்பாற வருபவர் அம்மரங்களின் நிலையை ஆண்டுதோறும் குறித்து வைத்தால், அது அவருக்கும் பயிற்சி, அவ்வனத்துக்கும் சாட்சியம்.

குறித்து வைப்பதில் நமக்கு வழிகாட்டியாகத்தக்கவர் மா. கிருஷ்ணன். அ. மாதவையாவின் புதல்வரான அவர், 1950 முதல் 1996இல் மறையும் வரை கல்கத்தாவின் ‘ஸ்டேட்ஸ்மன்’ பத்திரிகையில் இயற்கைக் குறிப்புகள் எழுதிவந்தார், தமிழிலும் எழுதினார். யானையையும் புலியையும் நன்கறிந்த அவர், அணிலையும் காக்கையையும் வீட்டுச்சுவர்ப் பல்லியையும் அதே சிரத்தையோடு பார்த்தார். ஒரு நோட்டுப் புத்தகமும் பென்சிலும், நாள், நேரம், காற்றின் திசை, கண்ட உயிரின் நடத்தை ஆகியவையும் தொடக்கத்திற்குப் போதும். பெயர்கள் தாமே பின்னால் வந்து சேரும். 1978 முதல் இயங்கும் சென்னை இயற்கையாளர் சங்கம் போன்ற அமைப்புகளின் நடைகளில் கலந்துகொண்டால் அப்பெயர்களைச் சொல்லித்தருவார் பலர் கிடைப்பர்.

அடுத்த படியாகப் பழவேற்காடு இருக்கிறது. பொன்னேரியில் இறங்கிப் பேருந்தில் சென்றால், இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி கண்ணெட்டும் வரை விரியும். குளிர்காலத்தில் பூநாரைகள் செவ்வரி படர்ந்த வெண்கோடாகத் தொலைவில் நிற்கும். கரையிலிருந்தே காண்பது நலம். 2011 டிசம்பர் 25 அன்று அங்கே உல்லாசப் படகு கவிழ்ந்து இருபதுக்கும் மேற்பட்டோர் மாண்டதை நினைவில் கொண்டு, பாதுகாப்பு அங்கியும் அனுமதியும் இல்லாத படகில் ஏறாதிருக்க வேண்டும்.

ஜப்பானில் ஆராய்ச்சியின் முடிவுகளைக் கண்டபின், வனங்களைத் தேர்ந்து, நடைபாதை அமைத்து, வழிகாட்டிகளைப் பயிற்றி, அவற்றை மக்கள் நலத்துக்குரிய இடங்களாக அங்கீகரிக்கும் வேலை நடைபெற்றது. எண்ணூருக்கும் அது ஆகும். முதலில் சாம்பலும் எண்ணெயும் அகற்றப்பட வேண்டும். அதன்பின், மூச்சு வேர்களை மிதிக்காதபடி மரக்கால்களின்மேல் ஒரு குறுகிய நடைபாதையும், நிழலுக்கு நாலைந்து இருக்கைகளும், ரயில் நிலையத்திலிருந்து சிறு பேருந்தும் இருந்தால், கொருக்குப்பேட்டை மாநகராட்சிப் பள்ளியின் பிள்ளைகள் ஒரு காலைப்பொழுதில் கண்டலைக் கண்டு மதிய உணவுக்குத் திரும்பிவிடலாம். அந்நடைபாதையின் மேற்பார்வையும் அதற்குரிய ஊதியமும் குப்பத்தாருக்கே சேர வேண்டும். அவ்வாற்றின் ஏற்றத்தையும் வற்றத்தையும் பார்த்தமாத்திரத்தில் கணித்துச் சொல்ல வல்லவர்கள் அவர்களே.